சீனியம்மா போட்ட முடிச்சு

எங்க ஊரு கொழிஞ்சிப்பட்டியில முடிச்சு நிக்காமப் போன கதையைச் சொன்னா வெளியூர்க்காரங்க சிரிக்கிறாங்க. சிரிச்சிட்டுப் போகட்டும். ஒரு கையால இடுப்பு வேட்டியைப் புடிச்சுக்கிட்டு இன்னொரு கையால கருமாதிச் சோறு தின்னவங்களுக்குத்தான் அந்தச் சங்கடம் தெரியும். வானத்துல இருந்து ஒண்ணும் விழலை, பூமி ஒண்ணும் பொளக்கலை, ஒரு தை மாசத்துக் கடைசி முகூர்த்தத்துல ஊரு பூரா இருந்த முடிச்செல்லாம் தானா அவுந்துச்சு, அவுந்தது மறுபடி விழ மாட்டேன்னுருச்சு, அவ்வளவுதான் நடந்தது.

அன்னைக்குக் கல்யாணம் அழகுராசாவுக்கு. மதுரையில ஒரு மோட்டார் கம்பெனியில சூப்பர்வைசர், படிச்ச பையன், எங்க தெருப் பொம்பளைங்க பாத்தவுடனே விரலை நெட்டி முறிச்சுத் திருஷ்டி கழிக்கிற அளவுக்கு லட்சணமான பையன். பொண்ணு பாண்டிமீனா, மலையடிவாரத்துல தோட்டம் தொரவோட இருக்கிற சோலைராசுவுக்கு ஒத்தை மக. கெட்டிமேளம் கொட்டியாச்சு, அட்சதையைக் கையில வச்சுக்கிட்டு நாங்கெல்லாம் எந்திரிச்சு நிக்கிறோம், அழகுராசா குனிஞ்சு மொத முடிச்சைப் போட்டான். எங்க பக்கத்து வழக்கப்படி மொத முடிச்சுத்தான் மாப்பிள்ளைக்கு, மிச்சம் ரெண்டையும் மாப்பிள்ளையோட கூடப்பொறந்தவ பொண்ணுக்குப் பின்னால நின்னு போடணும், அதுக்குப் பேரே நாத்தனா முடிச்சு. அந்த ரெண்டையும் போட்டது அவனோட சித்தப்பா மக செல்வராணி, பட்டுச்சேலையும் கழுத்து நிறைய நகையுமா, போட்டோக்காரன் சொன்ன பக்கமெல்லாம் மூஞ்சியைத் திருப்பித் திருப்பிப் போட்டா. அவ கையை எடுத்ததுதான் தாமதம், மூணு முடிச்சும் ஒண்ணொண்ணா, தூங்கி எந்திரிச்ச பூனை சோம்பல் முறிக்கிற மாதிரி நிதானமா அவுந்து, மஞ்சக்கயிறு பொண்ணோட கழுத்துல ரெண்டு பக்கமும் வழுக்கி, தாலி அவ மடியில வந்து விழுந்துச்சு.

கயித்துல எண்ணெய் பட்டிருக்கும்னாங்க, தொடைச்சிட்டுப் போட்டாங்க, அவுந்துச்சு. செல்வராணி கையில மருதாணி வழுக்குதுன்னாங்க, அவ முந்தானையில கையைத் துடைச்சிட்டுப் பல்லைக் கடிச்சு இறுக்கினா, அதுவும் அவுந்துச்சு. அதுக்குள்ள வாசல்ல கட்டியிருந்த வாழை மரம் ரெண்டும் ஒண்ணையொண்ணு கும்பிடுற மாதிரி சாஞ்சு விழுந்துச்சு, மாப்பிள்ளை மாலை நாரை விட்டு உதிர்ந்து வெறும் நாரா நின்னுச்சு, பந்தல் தட்டி சரிஞ்சுச்சு, அதுக்கப்புறம் ஆம்பளைங்க அத்தனை பேரும் ஒரே நேரத்துல இடுப்பைப் புடிச்சாங்க பாருங்க, அதோட தாலியைப் பத்தின கவலை அவங்களுக்குப் போயிருச்சு.

அந்நேரம் சீனியம்மா எங்க இருந்தான்னு கேளுங்க. கூடத்துக்குப் பின்னால ஸ்டோர் ரூம்ல, வெங்காய மூட்டைக்கும் எண்ணெய் டின்னுக்கும் நடுவுல ஸ்டூலைப் போட்டு, சாவியை இடுப்புல செருகிக்கிட்டு உக்காந்திருந்தா. கல்யாணத்துல ஸ்டோர் ரூம் சாவியை நம்பிக்கையான ஒரு ஆளுகிட்டத்தான் குடுப்பாங்க, அந்த ஆளு முகூர்த்தம் பாக்க எந்திரிச்சு வர முடியாது, ஆனா அது பெரிய பொறுப்புன்னு பேரு. வேண்டாத ஆளை வெளிய உக்கார வைக்க அதைவிட மரியாதையான வழியை எங்க ஊருல இன்னும் யாரும் கண்டுபுடிக்கலை.

சீனியம்மா அழகுராசாவுக்குக் கூடப்பொறந்த அக்கா. ஆத்தா அவனைப் பெத்துப் போட்டுட்டுக் கண்ணை மூடிட்டா, அப்பன் கெணறு வெட்டப் போன எடத்துல மண்ணு சரிஞ்சு போயிட்டாரு, அப்ப சீனியம்மா கம்பம் பக்கம் வாக்கப்பட்டுப் போன புதுசு, கழுத்துல மஞ்சள் இன்னும் வெளுக்கலை. கருமாதி முடிஞ்சதும் நாலு வயசுத் தம்பியை இடுப்புல வச்சுக்கிட்டுப் புருசன் வீட்டுக்குப் போனா. பொண்ணைத்தான் எடுத்தோம், கூட ஒரு புள்ளையையுமா எடுத்தோம்னு மாமியா கேட்டா. புருசன் நல்லவன்தான், பையனை ஒரு விடுதியில விட்டுருவோம், தீவாளி பொங்கலுக்குப் போய்ப் பாப்போம்னான். சீனியம்மா சண்டை போடலை, அழுகலை, மறுநா விடியவும் டிரங்குப் பெட்டியை ஒரு கையிலயும் தம்பியை இன்னொரு கையிலயும் புடிச்சுக்கிட்டு மொத பஸ்ஸுல எங்க ஊருக்கு வந்து எறங்கினா. எறங்கினவ மொத வேலையா பஸ் ஸ்டாண்டு கடையில ஒரு கறுப்புக் கயிறு வாங்கி, அங்கேயே அவனை நிக்க வச்சு இடுப்புல அரைஞாண் கட்டினா, பழைய கயிறு இத்துப்போய் இருந்துச்சாம். அரைஞாண் இல்லாத ஆம்பளை பொணத்துக்குச் சமானம்னு எங்க பக்கம் சொல்லுவாங்க, பொணத்துக்குத்தான் அதை அறுத்து எடுப்பாங்க.

அன்னையில இருந்து ஒவ்வொரு பொங்கலுக்கும் மாட்டுக்குப் புதுக்கயிறு மாத்துற அன்னைக்கு அவனுக்கும் புதுக்கயிறு. அவன் படிச்சு, வேலைக்குப் போய், மீசை வச்சு, பைக்குல வந்து எறங்குற காலத்துலயும் சட்டையைத் தூக்கிக்கிட்டு அக்கா முன்னால போய் நிப்பான், அவ குனிஞ்சு கட்டி விட்டு இடுப்புல ஒரு தட்டு தட்டுவா. வாழ்ந்தது எப்படின்னா, கம்மா மடைக்கிட்ட ஒரு துண்டு நெலத்தைக் குத்தகைக்குப் புடிச்சுக் கீரை போட்டா, வெள்ளன பறிச்சு, வாழைநாருல கட்டி, கூடையில அடுக்கித் தெருத்தெருவா வித்தா. அந்தக் கீரையிலதான் அவன் டிப்ளமோ முடிச்சான்.

ஊரு அவளுக்கு என்ன பேரு வச்சுச்சு? மொதல்ல, தம்பிக்காகப் புருசனை விட்டுட்டு வந்தவன்னாங்க. அப்புறம் சொல்றதுக்கு நீளமா இருக்குன்னு தம்பியை விட்டுட்டாங்க, புருசனை விட்டுட்டு வந்தவன்னு ஆச்சு. கடைசியில வெறும் வாழாதவன்னு நின்னுச்சு. நல்ல காரியத்துக்குக் கெளம்புற வீட்டு வாசல்ல அவ எதிர்ல வந்தா உள்ள போய்த் தண்ணி குடிச்சிட்டு மறுபடி கெளம்புவாங்க. காலையில கொல்லைவாசல்ல கீரை வாங்க மட்டும் அவ முகம் ஆகாதுன்னு யாரும் சொன்னதில்லை.

நிச்சயம் பேச வந்தன்னைக்கு சோலைராசு ரொம்ப மரியாதையாத்தான் சொன்னாரு, தப்பா நினைக்கப்படாது, ஒத்தைப் பொண்ணு, நாத்தனா முடிச்சு வாழுற பொண்ணு கையால விழட்டுமேன்னாரு. எல்லாரும் அழகுராசாவைப் பாத்தோம், அவன் காப்பித் தம்ளரைப் பாத்தான். பாத்துக்கிட்டே இருந்துட்டு, சித்தப்பா மக இருக்கான்னு அவன் வாயாலயே சொன்னான். சீனியம்மா கதவுக்குப் பின்னால வடைத் தட்டோட நின்னுக்கிட்டு இருந்தா. வெளிய வந்து ஆளுக்கு ரெண்டு வச்சா, ஸ்டோர் ரூம் சாவி என்கிட்ட இருக்கட்டும், வேற யாரையும் நம்ப முடியாதுன்னா. வடை நல்லா இருக்குன்னு நாங்கெல்லாம் சொன்னோம்.

கல்யாணத்துக்கு வருவோம். முடிச்சு விழலை, ஆனா பந்தி போட்டாச்சு, ரெண்டு பாயாசத்தோட சனம் சாப்பிட்டாச்சு, இது கல்யாணமா இல்லையான்னு பெரியாளுக பேசினாங்க. சாப்பிட்டவங்க கல்யாணம்தான்னாங்க, எடம் கெடைக்காதவங்க இல்லைன்னாங்க. ஆசாரி வந்து, தங்கச் செயின்ல கோத்துக் கொக்கி மாட்டிருவோம், முடிச்சே வேணாம்னாரு. கொக்கிக்கா என் மகளைக் குடுத்தேன்னு சோலைராசு கேட்டாரு. அவரு தாலியை மஞ்சத்துணியில சுத்தி மகளையும் கூட்டிக்கிட்டு, முடிச்சு என்னைக்கு நிக்குதோ அன்னைக்கு அனுப்புறேன்னு காருல ஏறிட்டாரு. பாண்டிமீனா ஏறுறதுக்கு முன்னால திரும்பி அழகுராசாவைப் பாத்தா, அவன் தரையைப் பாத்தான். பின்னால அவங்க ஊரு கோயில்லயும், பழனியில போயும்கூடக் கட்டிப் பாத்தாங்க. எங்க எல்லையைத் தாண்டினா மத்த முடிச்செல்லாம் சாதாரணமா நின்னுச்சு, அந்தத் தாலிக்கு மட்டும் எங்க போனாலும் நிக்கலை.

மனுசன் எதுக்குத்தான் பழக மாட்டான்? ஒரு வாரம் பொலம்பினோம், அப்புறம் பழகிட்டோம். ஆம்பளைங்க பச்சை பெல்ட்டைத் தேடிப் புடிச்சு வேட்டிக்கு மேல மாட்டினாங்க, மாட்டாதவங்க ஊக்கு குத்தினாங்க, ஊக்கு குத்திக்கிட்டவங்க குனிஞ்சு வேலை செய்யறதை விட்டாங்க. அரைஞாண் எல்லாருக்கும் அவுந்து போச்சு, அதை வெளிய சொல்ல வெக்கப்பட்டு உள்ளுக்குள்ளயே வச்சுக்கிட்டாங்க. பொம்பளைங்க கொண்டை நிக்கலை, அத்தனை பேரும் தலைவிரி கோலமாத் தண்ணி எடுக்கப் போனதைப் பாத்து வெளியூர் பால்காரர் ஊருக்கே சாமி வந்துருச்சுன்னு வண்டியைத் திருப்பிட்டுப் போயிட்டாரு. பூக்காரி பூவைத் தொடுக்க முடியாம உழக்குல அளந்து குடுத்தா, அதைத் தலையில கொட்டிக்கிட்டுப் போனோம். பள்ளிக்கூடத்துப் புள்ளைகளுக்கு டை கட்ட வேண்டியதில்லைன்னு ஹெட்மாஸ்டரே சொல்லிட்டாரு, எங்க ஊருல சந்தோசமா இருந்தது அதுக மட்டும்தான்.

எங்க வீட்டுக்காரருக்கு ஆட்டு யாவாரம். எங்க ஊருச் சந்தையில ஆடெல்லாம் கயித்தை உதறிட்டு அதுக இஷ்டத்துக்கு நடந்து, புடிச்ச ஆளுக்குப் பக்கத்துல போய் நின்னுச்சுக. எங்க கிடா ஒண்ணு போலீஸ்காரர் பின்னாலயே போய் ஸ்டேஷன் வாசல்ல படுத்துக்கிச்சு, அதை மீக்க அவரு நடந்த நடையைக் கேட்டா நீங்க அழுவீங்க. அதெல்லாம் சிரிப்புத்தான். சிரிக்க முடியாதது தொட்டில். சேலைத் தொட்டில் உத்தரத்துல நிக்காம, கைப்புள்ளைக்காரிக எல்லாம் புள்ளையை மடியில வச்சுக்கிட்டே உக்காந்திருந்தாளுக, வேலை ஓடலை, தூக்கமும் இல்லை.

மாசி மாசம் மொக்கச்சாமி தாத்தா செத்துப் போனாரு. பொணத்துக்கு வாயைச் சேத்துத் தலையோட ஒரு கட்டு, கால் கட்டைவிரல் ரெண்டையும் சேத்து ஒரு கட்டு போடணும், ரெண்டும் நிக்கலை. அந்த மனுசன் உசுரோட இருந்தவரைக்கும் யாரையும் ஏறிட்டுப் பேசாதவரு, செத்தப்புறம் வாயைத் தெறந்துக்கிட்டு, காலைப் பரப்பிக்கிட்டு, கூடியிருந்த எல்லாரையும் ஏதோ கேக்கப்போற மாதிரி கெடந்தாரு. பாடை கட்ட முடியலை. பள்ளிக்கூடத்து பெஞ்சை வாங்கி அதுல வச்சு, ரெண்டு பக்கமும் ஆளுக்காளு கையால புடிச்சுக்கிட்டுத் தூக்கிட்டுப் போனாங்க. அன்னைக்குத்தான் ஊருக்கு பயம் வந்துச்சு. நமக்கும் இதே கதிதானான்னு ஒவ்வொரு ஆளும் தன் வாயைத் தொட்டுப் பாத்துக்கிட்டாங்க.

எழவு வீட்டுல இருந்து வந்து தலை முழுகிட்டு அடுப்பங்கரைக்குள்ள போனேன். அங்க ஒரு கட்டு அரைக்கீரை கெடந்துச்சு, காலையில சீனியம்மாகிட்ட வாங்கினது. கட்டை அவுக்கப்போனேன், அவுரலை. நகத்தால நெம்பினேன், பல்லால இழுத்தேன், கடைசியில அருவாமனையில வச்சு அறுத்தேன். அறுத்ததுக்கப்புறம்தான் எனக்கு ஒறைச்சுச்சு. ஊருல ஒரு முடிச்சு நிக்கலை, ஆனா நான் தெனமும் இதைத்தானே அறுத்துக்கிட்டு இருக்கேன், எம்புட்டு நாளா அறுத்துக்கிட்டு இருக்கேன். பக்கத்து வீட்டுக்குப் போய்க் கேட்டேன், அவளும் அடுப்பங்கரைக்குள்ள ஓடிப் பாத்துட்டு வாயைப் பொத்திக்கிட்டா. பொழுது சாயுறதுக்குள்ள தெருவுக்கே தெரிஞ்சு போச்சு, சீனியம்மா போட்ட முடிச்சு மட்டும் நிக்குது.

ஏன் நிக்குதுன்னு யாரும் யாரையும் கேக்கலை. கேட்டா பதில் சொல்லணுமே. அதுக்குப் பதிலா மறுநா காலையில அவ வாசல்ல போய் நின்னோம். மொதல்ல கைப்புள்ளைக்காரிக போனாளுக, தொட்டில் கட்டிக் குடுன்னு கேட்டாளுக, அவ கூடையை எறக்கி வச்சிட்டு வந்து உத்தரத்துல சேலையைப் போட்டு ஒரு முடிச்சுப் போட்டா, நின்னுச்சு. அவ எதிர்ல வந்தா உள்ள போய்த் தண்ணி குடிச்ச அதே வீட்டுல, புள்ளை தூங்குற தொட்டில் அவ முடிச்சுல தொங்குச்சு. அப்புறம் ஆட்டுக்காரங்க, பூக்காரி, லோடு லாரிக்காரங்க, பந்தல்காரங்க. செத்த வீட்டுக்கும் கூப்பிட்டாங்க, போய்ப் பாடை கட்டிட்டு வந்து குளிச்சிட்டுக் கீரை பறிச்சா. அரைஞாண் சின்னப் பையன்களுக்கு மட்டும் கட்டினா, வளந்த ஆம்பளைங்க போய் அவ முன்னால நிக்கக் கூச்சப்பட்டு வெறும் இடுப்போடயே திரிஞ்சாங்க. யாரையும் ஒரு வார்த்தை கேக்கலை அவ. ஏண்டி வந்தேன்னு திட்டியிருந்தாக்கூட எங்களுக்குக் கொஞ்சம் லேசா இருந்திருக்கும்.

அழகுராசா ஞாயித்துக்கிழமை ஞாயித்துக்கிழமை வருவான், அக்கா வாசல்ல நிக்கிற கூட்டத்தைப் பாத்துட்டுக் கொல்லைப்பக்கமாச் சுத்தி உள்ள போவான். சாப்பாடு போடுவா, சாப்பிடுவான். தாலிப் பேச்சை ரெண்டு பேரும் எடுக்கலை.

பங்குனி பொறந்துச்சு, அம்மனுக்குக் காப்புக் கட்டணும். மஞ்சக்கயிறு கையில நின்னாத்தான் திருவிழா. சீனியம்மாதான் கட்டணும், ஆனா வாழாதவ எப்படி அம்மன் முன்னால நிக்கிறதுன்னு பெரியாளுக உக்காந்து பேசினாங்க. பேசி, எந்தக் காலத்துலயும் எவனும் யோசிக்காத ஒரு ரோசனையைக் கண்டுபுடிச்சாங்க. மஞ்ச வேட்டி ஒண்ணைக் கம்பியில கிளிப்பு மாட்டித் தொங்கவிட்டுத் திரை போடுறது, சீனியம்மா திரைக்குப் பின்னால நிக்கிறது, கையை மட்டும் வெளிய நீட்டிக் கட்டுறது. அவகிட்ட சொன்னப்ப, அம்மனுக்குத்தானேன்னு வந்தா. திரைக்குள்ள இருந்து அந்த ரெண்டு கையும் வந்துச்சு, கட்டைவிரல்ல கழுவக் கழுவப் போகாத கீரைக்கறை, சுட்டுவிரல்ல அருவா வெட்டின தழும்பு. பூசாரியோட மணிக்கட்டுல காப்பைக் கட்டிட்டுக் கை ரெண்டும் உள்ள போயிருச்சு. கொலவை போட்டோம். போட்டோமே தவிர, ஒருத்தர் மூஞ்சியை ஒருத்தர் பாத்துக்கலை.

காப்பு நின்ன சேதி சோலைராசு காதுக்குப் போச்சு. நல்ல ரோசனையா இருக்கே, தாலிக்கும் அப்படியே செஞ்சிருவோம்னு ஆள் விட்டாரு. செல்வராணி திரைக்கு முன்னால நிக்கட்டும், போட்டோவுல அவ இருக்கட்டும், கை யாரு கையா இருந்தா என்ன, பங்குனிக்குள்ள முடிக்கலைன்னா மகளுக்கு வேற எடம் பாக்கப்போறேன்னாரு. அதைச் சீனியம்மாகிட்ட யாரு சொல்றது? அழகுராசாவையே அனுப்பினாங்க. அவன் மடைக்கிட்ட கீரைப் பாத்தியில போய் நின்னு சொன்னான். எனக்கு அடுத்த பாத்தியில அகத்தி ஒடிக்கிற வேலை, எல்லாம் காதுல விழுந்துச்சு. அவ பறிச்சதைக் கையில சேத்து, நாரைச் சுத்தி, ஒரு முடிச்சுப் போட்டுக் கூடையில வச்சா.

"கை மட்டும் போதுமாடா?"ன்னு கேட்டா.

அவன் வரப்பைப் பாத்தான். சரி வர்றேன், போய்ச் சாப்பிடு, மூடி வச்சிருக்கேன்னா.

திருவிழா முடிஞ்ச மறுநா கோயில் மண்டபத்துல வச்சாங்க. மேளம் இல்லை, பந்தி இல்லை, ஆனா ஊரே வந்திருந்துச்சு. அதே மஞ்ச வேட்டி, அதே கிளிப்பு. பாண்டிமீனா மணையில உக்காந்திருந்தா, முதுகுக்குப் பின்னால திரை. அழகுராசா மொத முடிச்சைப் போட்டு, அது வழுக்காம விரலால அமுக்கிப் புடிச்சுக்கிட்டான். செல்வராணி போட்டோவுக்கு நின்னா. திரைக்குள்ள இருந்து அந்தக் கை ரெண்டும் வந்துச்சு, கயித்தை வாங்குச்சு, ரெண்டாவது முடிச்சு, மூணாவது முடிச்சு. சோலைராசு அட்சதையை எடுத்தாரு. கை உள்ள போனதும் முடிச்சு மூணும் நிதானமா அவுந்து தாலி மடியில விழுந்துச்சு.

சீனியம்மா முடிச்சு அவுந்து நாங்க பாத்ததே இல்லை. அந்தக் கை மறுபடி வெளிய வந்து, காத்துல என்னமோ தடவுற மாதிரி தடவுச்சு. அப்பத்தான் அழகுராசாவோட வேட்டிக்குள்ள இருந்து ஒரு கறுப்புக் கயிறு வழுக்கிக் கெண்டைக்கால்ல எறங்கித் தரையில வந்து விழுந்துச்சு. அவனோட அரைஞாண். ஊருல ஒரு ஆம்பளை இடுப்புலயும் இல்லாத அரைஞாண்.

திரையை ஒதுக்கிட்டு சீனியம்மா வெளிய வந்தா. வரக்கூடாதுன்னு சொல்ல ஒருத்தருக்கும் வாய் வரலை. கீழ கெடக்குற கயித்தைப் பாத்தா, அவனைப் பாத்தா.

"அதை எடுடா. பொணமா நீ, அரைஞாண் இல்லாம நிக்கிறதுக்கு?"

அவன் குனிஞ்சு எடுத்தான். எடுத்தவன் நிமிரலை, குனிஞ்ச வாக்குலயே பேசினான், எல்லாருக்கும் கேக்குற மாதிரித்தான் பேசினான்.

"இது நீ பொங்கலுக்குக் கட்டினதுக்கா. கல்யாணத்தன்னைக்கு ஊரு பூரா அவுந்தப்ப எனக்கு மட்டும் இது நின்னுச்சு. குளிக்கப் போனப்பவே பாத்துட்டேன், எனக்கு அன்னைக்கே தெரிஞ்சு போச்சு. தெரிஞ்சும் மூடிக்கிட்டுத் திரிஞ்சேன். என்னைத் தூக்கிட்டு வந்ததுக்குத்தானே உனக்கு வாழாதவன்னு பேரு வந்துச்சு. அந்தப் பேரைச் சொல்லி உன்னை ஒதுக்குனப்ப காப்பித் தம்ளரைப் பாத்துக்கிட்டு உக்காந்திருந்தேன். எனக்கு ஆத்தா முகமே தெரியாதுக்கா, நீதான் தெரியும். என் மூஞ்சியில நீ காறித் துப்பினாக்கூடத் துடைக்க மாட்டேன்."

அவ கயித்தை வாங்கி, பட்டு வேட்டிக்கு மேலயே அவன் இடுப்பைச் சுத்திக் கொண்டாந்து முடிச்சுப் போட்டா. அவுந்துச்சு. இன்னொரு தடவை போட்டா, அதுவும் அவுந்துச்சு. மன்னிக்கணும்னுதான் அவ நினைச்சிருப்பா, கை கேக்கலை. அவ முகத்தைப் பாத்தோம், இத்தனை வருசத்துல அவ முகத்துல நாங்க பாக்காத ஒண்ணு அங்க இருந்துச்சு, கோவம். ரெண்டு கையிலயும் கயித்து நுனியைப் புடிச்சுக்கிட்டே பேசினா.

"கெட்டிமேளம் கேட்டுச்சுடா. ஸ்டோர் ரூம் சன்னல் வழியா நல்லாவே கேட்டுச்சு. சாவியை இடுப்புல வச்சுக்கிட்டு, இந்தா இப்ப வருவான், அக்கா வான்னு ஒரு வார்த்தை கூப்பிடுவான், நான் வேணாம்னு சொல்லணும்னு உக்காந்திருந்தேன். வேணாம்னுதாண்டா சொல்லியிருப்பேன். நீ கூப்பிடவே இல்லை."

சொல்லிட்டு அழுதா. சத்தமாத்தான் அழுதா, அப்பன் செத்தப்பகூட அப்படி அழுகலை. மண்டபத்துல இருந்த பொம்பளைங்க முந்தானையை வாயில வச்சுக்கிட்டோம், ஆம்பளைங்க தூணைப் பாத்தாங்க. அழுதுக்கிட்டே அவ கயித்தை ஒரு இழு இழுத்து முடிச்சைப் போட்டா, நாங்க எல்லாரும் கழுத்தை நீட்டிப் பாத்தோம். நின்னுச்சு.

யாரும் ஒண்ணும் சொல்றதுக்கு முந்தி பாண்டிமீனா மடியில கெடந்த தாலியை எடுத்துக் கழுத்துல வச்சு, சடையை ஒதுக்கிட்டு முதுகைக் காட்டி உக்காந்தா. "மதினி, இங்கயும்"னா. சோலைராசு வாயைத் தெறந்தாரு, மக திரும்பி ஒரு பார்வை பாத்தா, மூடிக்கிட்டாரு. அழகுராசா மொத முடிச்சைப் போட்டான். சீனியம்மா கண்ணைத் துடைச்சிட்டு மிச்சம் ரெண்டையும் போட்டா, திரைக்கு வெளிய, பட்டப் பகல்ல, எங்க அத்தனை பேருக்கும் முன்னால. செல்வராணி போட்டோவுல இருந்து தானா வெலகிக்கிட்டா. பெத்தவங்க கால்ல விழுங்கன்னு பூசாரி சொன்னதும் ரெண்டு பேரும் அவ கால்ல விழுந்தாங்க, பாத்தியில இருந்து நேரா வந்திருந்தா போல, காலெல்லாம் சேறு, அது பொண்ணோட நெத்தியில ஒட்டிக்கிச்சு.

அப்புறம் எல்லாருக்கும் முடிச்சு நின்னுச்சு. வேட்டி நின்னுச்சு, கொண்டை நின்னுச்சு, ஆடு கயித்துல நின்னுச்சு, புள்ளைக பாவம் டையைக் கட்டிக்கிட்டுப் பள்ளிக்கூடம் போச்சுக. அந்த மஞ்ச வேட்டியை யாரு வீட்டுலயும் உடுத்த மனசு வரலை, கோயில்லயே எங்கேயோ கெடக்கு. சீனியம்மா இப்பவும் கீரை விக்கிறா, முன்வாசல் வழியாத்தான் வர்றா, நாங்கதான் அவ முகத்தைப் பாத்துப் பேச முடியாமக் கூடையைப் பாத்துப் பேசுறோம்.

மறுவீட்டுக்குக் கெளம்பும்போது அழகுராசா அக்காகிட்ட வந்து, அரைஞாண் ரொம்ப இறுக்கமா இருக்கு, மூச்சு வாங்குது, கொஞ்சம் தளத்தி விடுக்கான்னு கேட்டான். இருக்கட்டும்டான்னுட்டா.